லயத்து வாசலில் ஒரு தொலைநோக்கி

மலேசியாவின் கேமரன் மலையில் இரவு கும்மிருட்டாக இருக்கும் என்று எண்ணி வருகிறவர்கள் முதல் இரவிலேயே ஏமாந்துபோகிறார்கள். மலைச்சரிவுகளில் அடுக்கடுக்காகப் பிளாஸ்டிக் கூரைகள். அவற்றில் பலவற்றின் கீழே இரவிலும் விளக்கு எரிகிறது. செவ்வந்தி, இரவு நீண்டால்தான் மொட்டு விடும் செடி. காம்பு போதிய உயரம் வளரும் முன் பூத்துவிடாமல் இருக்க, பயிரிடுகிறவர்கள் விளக்குப் போட்டு அதன் இரவைச் சுருக்குகிறார்கள். அந்த வெளிச்சம் மூடுபனியில் சிதறி, பிரிஞ்சாங் பக்கத்து வானத்தை வெளிற வைக்கிறது.

தேயிலைக்கு விளக்கு வேண்டாம். 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய 'போ' தேயிலைத் தோட்டத்தில் பொழுது சாய்ந்ததும் சரிவுகள் அப்படியே கறுத்துவிடும். ஆக, இந்த மலையில் குடியிருப்பவர்களில் நல்ல வானம் வாய்த்தவர்கள் தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருப்பவர்களே. வானியலைப் பொதுமக்களிடம் கொண்டுபோக விரும்பும் ஆர்வலர்களோ, தானா ராத்தா விடுதி வாசலில் சுற்றுப்பயணிகளுக்குக் காட்டுவதையோ, பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிக் கோலாலம்பூர் தேசியக் கோளரங்கத்துக்கு அழைத்துப்போவதையோதான் முதலில் நினைக்கிறார்கள். இரண்டும் நல்ல காரியம்தான். ஆனால் இங்குள்ள தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கும் கோயில் இளைஞர்களுக்கும் நான் சொல்வது வேறு: தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குப் போங்கள். நல்ல வானம் அங்கே இருக்கிறது. அதைப் பார்க்க வேண்டியவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள்.

இதற்கு ஒரு முன்னோடி உண்டு. சான் பிரான்சிஸ்கோ வேதாந்த சங்கத்து மடங்களில் இருபது ஆண்டுகளுக்கு மேல் துறவியாக இருந்தவர் ஜான் டாப்சன். கிடைத்த பலகையையும் கண்ணாடியையும் வைத்துப் பெரிய தொலைநோக்கிகளைத் தாமே செய்து, அவற்றைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போய் வழியில் போகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். 1967-இல் மடத்தை விட்டு வெளியேறியவர், மறு ஆண்டே நண்பர்களோடு சேர்ந்து நடைபாதை வானியலாளர் சங்கத்தைத் தொடங்கினார். அவருடைய அமைப்பு முறையில் செய்த தொலைநோக்கிகளைத்தான் இன்று உலகம் முழுக்க 'டாப்சோனியன்' என்கிறார்கள்.

நீங்கள் வாங்க வேண்டியதும் அதுவே. ஆறு அங்குலமோ எட்டு அங்குலமோ போதும். விலையைத் தாண்டி, இந்த மலைக்கே உரிய காரணம் ஒன்று அதற்கு இருக்கிறது. நட்சத்திரத்தைத் தானாகப் பின்தொடரும் தாங்கிகளில் பலவற்றை முதலில் துருவ நட்சத்திரத்தை நோக்கித் திருத்திவைக்க வேண்டும். கேமரன் மலை இருப்பது ஏறத்தாழ நாலரைப் பாகை வட அட்சத்தில். துருவ நட்சத்திரமும் அடிவானத்துக்கு மேல் நாலரைப் பாகைதான் எழும்பி நிற்கும். சுற்றிலும் மலை. அதைத் தேடிக்கொண்டிருந்தால் மக்கள் கலைந்துவிடுவார்கள். டாப்சோனியனுக்கு அந்தச் சடங்கு கிடையாது, மின்கலமும் வேண்டாம். தரையில் வைத்துக் கையால் தள்ளினால் திரும்பும். பத்து வயதுப் பிள்ளை அரை மணி நேரத்தில் பழகிவிடும். அதோடு 10x50 இருகண்நோக்கி ஒன்றும் இருக்கட்டும்.

பனிதான் இங்கே பெரிய எதிரி. கண்ணாடியில் ஈரம் படிந்ததும் நட்சத்திரங்கள் பஞ்சாகிவிடும். முன்வில்லை உள்ள தொலைநோக்கியில் இது சீக்கிரம் நேரும். டாப்சோனியனின் பெரிய ஆடி குழாயின் அடியில் இருப்பதால் சற்றுத் தாக்குப்பிடிக்கும். கண்ணருகு வில்லைகளைச் சட்டைப்பையில் உடம்புச் சூட்டிலேயே வைத்திருங்கள். வீடு திரும்பியதும் அப்படியே மூடி அலமாரியில் வைத்துவிடாதீர்கள். முதலில் உலரட்டும், பிறகு வில்லைகளை ஈரமுறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். மலை ஈரத்தில் வில்லைக்குள் பூஞ்சை பிடித்தால் அது பிறகு போகாது.

இடம் தேடும்போது எல்லோரும் உச்சியையே நினைப்பார்கள். பிரிஞ்சாங் மலையுச்சி 2,000 மீட்டருக்கும் மேல், சாலையும் இருக்கிறது. ஆனால் அங்கே இருப்பது பாசிக்காடு. ஆண்டு முழுக்க மேகம் வந்து உட்காரும் இடத்தில்தான் மரமெல்லாம் பாசி போர்த்தி நிற்கும். வானம் பார்க்க அங்கே போவது வீண். பள்ளத்தாக்கின் அடியும் ஆகாது. தெளிந்த, காற்றில்லாத இரவுகளில் குளிர்ந்த காற்று கீழே இறங்கி அங்கேதான் மூடுபனியாகத் தேங்கும். சரிவின் நடுவில் உள்ள இடமே நல்லது. பள்ளித் திடலும் கோயில் வாசலும் பல தோட்டங்களில் அப்படித்தான் அமைந்திருக்கின்றன. 1,400, 1,500 மீட்டர் உயரம் என்றாலே காற்று மண்டலத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு நமக்குக் கீழே போய்விடுகிறது. அந்த வசதி லயத்து வாசலிலேயே கிடைக்கிறது, வேறெங்கும் ஏறத் தேவையில்லை. தோட்ட அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்குங்கள்; அன்றிரவு வாசல் விளக்கை அணைத்துவைக்க அக்கம்பக்கத்து வீடுகளில் ஒவ்வொருவராகக் கேளுங்கள். அறிவிப்புத் தாளை ஒட்டுவதைவிட நேரில் போய்க் கேட்பதுதான் நடக்கும். கேட்கப் போன இடத்திலேயே அழைப்பும் ஆகிவிடும்.

நாள் குறிக்க வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டியே போதும். வளர்பிறை சப்தமி, அஷ்டமியைப் பாருங்கள். அப்போது நிலவு பாதி; வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டில் பள்ளங்களின் நிழல் நீண்டு விழும், மலைகள் எழும்பித் தெரியும். பௌர்ணமி நிலவு தொலைநோக்கியில் தட்டையாக, கண் கூசத் தெரியும். முதல் முறை பார்க்கிறவருக்கு அதைக் காட்டாதீர்கள். அஷ்டமியில் சுபகாரியம் வைக்க மாட்டார்கள் என்பதால் கோயில் மண்டபமும் பெரும்பாலும் காலியாகவே கிடைக்கும். மழை ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மிகுதி. பிப்ரவரி பொதுவாக வறண்டது. ஜூன், ஜூலையும் பரவாயில்லை. காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கூட்டும் நேரத்துக்கு, நிற்க வேண்டியவர்களை நள்ளிரவு வரை விழிக்க வைக்கக் கூடாது. ஏழரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடித்துவிடுங்கள். ஏழரைக்கு வானம் முழுதாக இருட்டியிருக்காது, நிலவுக்கு அது தேவையும் இல்லை.

வரிசையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நிகழ்ச்சி கெடுவதும் சிறப்பதும் அங்கேதான். ஆளுக்கு ஒரு நிமிடம் என்றால் அறுபது பேருக்கு ஒரு மணி நேரம். தொலைநோக்கியருகில் இருப்பவர் ஒருவரை மட்டும் கவனிப்பார்; மீதி ஐம்பத்தொன்பது பேர் குளிரில் நிற்பார்கள். எனவே இரண்டாவது ஆள் கட்டாயம் வேண்டும். அவர் வேலை வரிசையில் நிற்பவர்களுக்கு வெறுங்கண்ணால் வானத்தைக் காட்டுவது. என் கணிப்பில் இவர்தான் முக்கியமானவர்; உங்களில் நன்றாகப் பேசுகிறவரை இங்கே போடுங்கள், கருவி தெரிந்தவரைத் தொலைநோக்கியில் விடுங்கள்.

உருப்பெருக்கத்தைக் கூட்டாதீர்கள். ஐம்பது மடங்கில் வைத்தால் நட்சத்திரம் பார்வைப் புலத்தைக் கடக்க ஏறத்தாழ நான்கு நிமிடம் ஆகும், மூன்று நான்கு பேர் பார்த்துவிடலாம். நூற்றைம்பதில் ஒரு நிமிடம் சொச்சத்தில் ஓடிவிடும். பாதிப் பேருக்கு வெறும் கறுப்பு வட்டம்தான் தெரியும். அவர்களும் தெரிகிறது என்றே சொல்வார்கள். "தெரியுதா பாட்டி?" என்று கேட்டால், உங்கள் மனம் நோகக் கூடாதென்று தலையாட்டிவிடுவார்கள். "என்ன தெரியுது பாட்டி?" என்று கேளுங்கள். வெள்ளையாக, ஓரம் அரித்தாற்போல, குழி குழியாக என்று அவர்கள் வாயால் வந்தால்தான் பார்த்தார்கள் என்று அர்த்தம். வரவில்லையென்றால் வில்லையை மெதுவாகத் திருகிக் கூர்மையாக்குங்கள். இன்னொரு நிமிடம் கொடுங்கள். கண்புரை உள்ளவர்களுக்கு நிலவு கிட்டும், மங்கலான நெபுலா கிட்டாது. ஆண்டுக்கணக்கில் சரிவில் நின்று கொழுந்து பறித்த முதுகுக்கு நாற்காலி போடுங்கள். இருட்டில் ஏணியில் ஏறச் சொல்லாதீர்கள். கைவிளக்குகளுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டுங்கள். பச்சை லேசரால் வானத்தைச் சுட்டுவதானால் விமானம் இருக்கும் திசைக்குக் கொண்டுபோகக் கூடாது, பிள்ளைகள் கையில் கொடுக்கவும் கூடாது.

இனி எதைக் காட்டுவது? பிப்ரவரி நடுவில் இரவு ஒன்பதுக்கு ஓரியன் ஏறத்தாழ நம் தலைக்கு நேர் மேலே நிற்கும். அதன் தோளில் சிவந்து தெரிவது திருவாதிரை. சற்று மேற்கே ரோகிணி, அதையும் தாண்டிக் கார்த்திகைக் கூட்டம். தெற்கே, மலை விளிம்புக்கு மேல் தனியாக மின்னுவது அகத்தியர். பெயர் கேட்டதும் முகம் மலரும். தன் நட்சத்திரம், பேரப்பிள்ளையின் நட்சத்திரம் என்று ஆளாளுக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். அதை வானத்தில் பார்த்தவர்கள் குறைவு. தைப்பூசத்தன்று நிலவு எங்கே நிற்கிறதோ அந்தப் பகுதிதான் பூசம் என்று காட்டுங்கள். நிலவு இல்லாத இன்னொரு நாளில் அதே இடத்தில் இருகண்நோக்கியை வைத்தால், கடக ராசிக்குள் ஒரு நட்சத்திரக் கொத்து சிதறிக் கிடப்பது தெரியும்.

நான் மிகவும் விரும்புவது ஜூன் தொடக்கத்து இரவு. ஒன்பது மணிக்கு வடக்கே சப்தரிஷி மண்டலம், தெற்கே தென்சிலுவை, இரண்டும் ஒரே நேரத்தில் உயர்ந்து நிற்கும். தமிழ்நாட்டில் தென்சிலுவை இன்னும் தாழ்ந்துதான் எழும். ஆஸ்திரேலியாவின் தென்பகுதியில் சப்தரிஷி முழுதாகத் தெரியாது. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் இருப்பதால் நமக்கு இரண்டும் கிடைக்கின்றன. அன்று புதுமணத் தம்பதிகளை அழையுங்கள். பகல் முகூர்த்தத்தில் அருந்ததி என்று வெறும் வானத்தைப் பார்த்தவர்களுக்கு, வசிட்டருக்குப் பக்கத்தில் மங்கலாக இருக்கும் உண்மையான அருந்ததியைக் காட்டுங்கள். நல்ல கண்ணுக்கு அது கருவி இல்லாமலே தெரியும். தொலைநோக்கியில் வசிட்டரே இரண்டு நட்சத்திரமாகப் பிரிவார். பிறகு தெற்கே திரும்பி, தென்சிலுவைக்குக் கிழக்கே உள்ள ஆல்ஃபா சென்டாரியையும், அதற்கு மேலே ஒமேகா சென்டாரியையும் பாருங்கள். ஒமேகா சென்டாரி ஏறத்தாழ ஒரு கோடி நட்சத்திரங்கள் திரண்ட ஒரு கோளக் கொத்து. தொலைவிலுள்ள மங்கலான விண்மீன் மண்டலங்களைத் தேடிப் போகாதீர்கள். அவற்றின் அருமை படித்தவர்க்கே புரியும். முதல் முறை பார்ப்பவருக்கு அவை வெறும் சாம்பல் புள்ளிகள்.

சனி கிடைக்கும் மாதங்களில் சனியை விடவே கூடாது. 2025 மார்ச்சில் வளையங்கள் விளிம்பைக் காட்டி ஏறக்குறைய மறைந்தே போயின. அதிலிருந்து மெல்லத் திறந்துகொண்டு வருகின்றன, 2032 வாக்கில் நன்றாக விரிந்திருக்கும். வளையத்தைப் பார்த்து நிமிர்ந்தவர் அடுத்ததாகக் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "இதுவா நம்மைப் பிடிக்கிற சனி?" அந்தக் கேள்வியைப் பழித்துவிடாதீர்கள். வானத்தோடு அவருக்கு இருக்கும் ஒரே உறவு அதுவாக இருக்கலாம். சனி சூரியனைச் சுற்ற இருபத்தொன்பதரை ஆண்டு ஆகிறது. பன்னிரண்டு ராசியால் வகுத்தால் ராசிக்கு ஏறத்தாழ இரண்டரை ஆண்டு. பிறந்த ராசி, அதற்கு முந்தியது, பிந்தியது என மூன்று ராசிக்கு ஏழரை. ஏழரைச் சனியின் கணக்கு இப்படித்தான் வந்தது. முன்னோர் தலைமுறை தலைமுறையாக அண்ணாந்து பார்த்து அதன் நடையை அளந்திருக்கிறார்கள். அந்த அளவு உண்மை என்று மனதாரச் சொல்லுங்கள். நூற்று நாற்பது கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் அந்தப் பந்து ஒருவர் வீட்டுக் கடனையோ மகள் கல்யாணத்தையோ தடுக்கிறது என்பதற்குச் சான்று எதுவும் இல்லை என்பதையும் அதே மரியாதையோடு சொல்லுங்கள். முதலாவதைச் சொன்னவர் வாயிலிருந்து வந்தால் இரண்டாவதைக் காது கொடுத்துக் கேட்பார்கள்.

பிள்ளைகளுக்கு நிலவின் தென்முனைப் பக்கத்தைக் காட்டும்போது சந்திரயான்-3 அங்கே இறங்கியதைச் சொல்லுங்கள்: 2023 ஆகஸ்ட் 23, சுமார் 69 பாகை தென் அட்சம். அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், பட்டயப் படிப்பில் தொடங்கியவர். சந்திரயான்-1-ஐ நடத்திய மயில்சாமி அண்ணாதுரை பொள்ளாச்சிப் பக்கம் கோதவாடி கிராமத்துப் பிள்ளை, தமிழ்வழியில் படித்தவர். 2007 அக்டோபரில் விண்வெளி நிலையத்துக்குப் போன நம் நாட்டு ஷேக் முஸாபரையும் விட்டுவிடாதீர்கள்.

இன்று லயங்களில் தமிழர் மட்டும் இல்லை. வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்களும் கொழுந்து பறிக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டு நிகழ்ச்சி நடத்தினால் பாதித் தோட்டத்தை விட்டதாகும். கார்த்திகை வங்காளிக்குக் கிருத்திகா, ஜாவாக்காரருக்குக் கார்த்திகா. சப்தரிஷி நேபாளியிடமும் சப்தரிஷிதான். எளிய மலாயில் நாலு வாக்கியம் எழுதிவைத்துக்கொண்டு, "உங்கள் ஊரில் இதை என்ன சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். இந்த மலைக்கு மூத்த குடிகளான செமாய் மக்கள் வந்தால், விளக்கம் சொல்லும் முன் அவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

மேகம் மூடும். அதை முதலிலேயே கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த இரவுக்காக ஒரு நடை ஏற்பாடு சொல்கிறேன். ஈப்போவிலிருந்து வரும் தம்பூன் பம்பளிமாஸ் ஒன்றை, பதினான்கு செண்டிமீட்டர் அகலம் உள்ளதாகப் பார்த்து, கோயில் வாசலில் வையுங்கள். அதுதான் சூரியன். அந்த அளவுக்குப் பூமி ஒரு சிறு கடுகு; பதினைந்து மீட்டர் தள்ளி ஒரு பிள்ளை கையில் பிடித்துக்கொள்ளட்டும். நிலவு அந்தக் கடுகிலிருந்து நான்கு செண்டிமீட்டர். மனிதர் இதுவரை போன தூரம் அவ்வளவுதான் என்றதும் திடலே அமைதியாகும். வியாழன் ஒரு கோலிக்குண்டு, 78 மீட்டரில். சனி சற்றுச் சிறிய குண்டு, 143 மீட்டரில். நெப்டியூனுக்குத் தோட்டச் சாலையில் 450 மீட்டர் நடக்க வேண்டும். அடுத்த பம்பளிமாஸ், அதாவது ஆல்ஃபா சென்டாரி, எங்கே என்று கேட்டு யோசிக்க விடுங்கள். நாலாயிரம் கிலோமீட்டருக்கும் மேல். ஏறத்தாழ ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரம்.

பகலிலும் ஒரு வேலை இருக்கிறது. ஏப்ரல் 1-ஐயும் செப்டம்பர் 11-ஐயும் ஒட்டிய நாட்களில் கேமரன் மலையில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். செங்குத்தாக நட்ட கம்புக்கு நிழல் இருக்காது. தமிழ்நாட்டிலும் நிழல் இல்லா நாளைப் பள்ளிகளில் இப்படிக் காட்டுகிறார்கள். ஆனால் இங்கே பன்னிரண்டு மணிக்குக் காத்திருந்து பயனில்லை. 1982 பிறந்தபோது தீபகற்பத்தின் கடிகாரம் சபா, சரவாக் நேரத்துக்கு முன்தள்ளப்பட்டதால் நமக்கு உச்சி பகல் ஒன்றே காலை ஒட்டித்தான் வருகிறது. இதை ஜொகூர் பாருவில் உள்ள ஒரு தமிழ்ப்பள்ளியோடு சேர்ந்து செய்யுங்கள். நம் கம்புக்கு நிழல் இல்லாத அதே நாளில், அவர்களுடைய ஒரு மீட்டர்க் கம்புக்கு அங்கு உச்சிவேளையில் ஐந்து செண்டிமீட்டர் நிழல் விழும். அது மூன்று பாகைச் சாய்வு. வரைபடத்தில் இரண்டு ஊருக்கும் தெற்கு வடக்காக மட்டும் அளந்தால் 330 கிலோமீட்டர் சொச்சம். முந்நூற்றறுபது பாகைக்கு எவ்வளவு என்று பெருக்கினால் பூமியின் சுற்றளவு நாற்பதாயிரம் கிலோமீட்டர் என்று பிள்ளைகளே கண்டுவிடுவார்கள். சூரியனை மட்டும் எவரும் நேராகப் பார்க்கக் கூடாது. தொலைநோக்கியை அன்று வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

கடைசியாக, இப்போதே குறித்துவைக்க வேண்டிய ஓர் இரவு. 2028 டிசம்பர் 31. பதினோரு மணிக்குப் பிறகு நிலவில் பூமியின் நிழல் ஏறத் தொடங்கும். 2029 பிறந்து கால் மணி நேரத்தில் முழு நிலவும் செம்பு நிறமாகி, ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே நிற்கும். நிலவு அப்போது வானத்தின் உயரத்தில் இருக்கும். கண்ணுக்கு எந்தப் பாதுகாப்பும் தேவையில்லை. புத்தாண்டுக் கூட்டம் மலையில் நிறைந்திருக்கும் நேரம் அது. கிரகணம் என்றால் கோயில் நடை சாத்தலாம், கர்ப்பிணிகளை உள்ளே இருக்கச் சொல்லலாம். குருக்களிடமும் கோயில் தலைவரிடமும் ஒரு மாதம் முன்பே உட்கார்ந்து பேசுங்கள். கர்ப்பிணிகளுக்கோ பிள்ளைகளுக்கோ அந்த நிழல் எந்தக் கெடுதலும் செய்யாது என்பதை நிதானமாக விளக்குங்கள். சன்னிதி அவர்கள் வழக்கப்படி இருக்கட்டும், வெளித்திடல் உங்களுக்குக் கிடைத்தால் போதும். அன்று மழையும் வரலாம். ஆகவே பக்கத்துத் தோட்டத்திலும் கீழே ஈப்போவிலும் ஆள் வைத்து, எங்கே வானம் திறந்திருக்கிறது என்று தொலைபேசியில் கேட்டுக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள். நள்ளிரவுக் குளிருக்குத் தேநீர்ப் பொறுப்பைத் தோட்டத்துப் பெண்களிடம் தள்ளிவிடாதீர்கள். அன்றைக்கு அவர்கள் விருந்தினர். அடுப்பை நீங்கள் பற்றவையுங்கள்.